ஆசீர் அண்ணாச்சியின் இடது கழுத்து

ஆசீர் அண்ணாச்சி போய்விட்ட செய்தி வந்தபோது நான் யாரோ ஒருவருடைய கழுத்துக்குள் இருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் ஸ்கேன் மையத்தின் இருட்டறை. சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு விவசாயியின் கழுத்துத் தமனிகள் இரண்டும் திரையில் வெள்ளையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. எதிலும் குறையில்லை. அந்த மனிதருக்கு வெறும் கழுத்துவலிதான். நான் அந்த இரண்டு வெள்ளைக் கோடுகளையும் மேலும் கீழும் உருட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. லில்லி மதினி, அண்ணாச்சியின் மனைவி.

“தம்பி, அவிய இன்னும் எந்திரிக்கல. கை சில்லுன்னு கெடக்கு. நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க.”

நான் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை என்பது மதினியின் குரலிலேயே இருந்தது. ஆனாலும் ஒருவர் வந்து சொல்லவேண்டும் அல்லவா. போனேன். தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது. முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. ஸ்கேன் படங்களைப் பார்க்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் அதே அரைத்தூக்க முகம். குனிந்து, கழுத்தின் வலது பக்கம் இரண்டு விரல்களை வைத்தேன். ஒரு டாக்டர் செய்யவேண்டியது அது. பிறகு தேவையில்லாத ஒன்றையும் செய்தேன். இடது பக்கமும் வைத்துப் பார்த்தேன்.

அவரைப் பற்றி உடனே எழுதிக் கொடுக்கும்படி அவரிடம் படித்தவர்கள் கேட்டார்கள். மாதங்கள் போயின. நான் எழுதவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் வாயைக் கட்டி வைத்திருந்தது அவருக்கு நான் கொடுத்த ஒரு வாக்கு. அது சென்ற வாரம்தான் அவிழ்ந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பேராசிரியர் ஆசீர்வாதத்தை உங்களில் பலர் வெள்ளைக் கோட்டோடு நின்று கேட்டிருப்பீர்கள். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூற்றியல் சொல்லிக்கொடுத்தவர். நான் அவரிடம் படித்தவன் இல்லை. வேறு ஊரில் படித்து, முதலில் அதே கல்லூரியில் ஸ்கேன் பார்க்கும் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். எனக்கு அவர் கூட வேலை பார்த்த அண்ணாச்சி, அவருக்கு நான் வெறும் ‘வே’, இந்தப் பக்கத்தில் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

அவருடைய முதல்நாள் வகுப்பைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒருமுறை வாசலில் நின்று நானே பார்த்தேன். மேசைகளில் வெள்ளைத்துணி போர்த்திய உடல்கள். மருந்து வாடையில் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர். அண்ணாச்சி இடது கையில் ஒரு மண்டையோட்டை ஏந்திக்கொண்டு, தேங்காய் வாங்க வந்தவரைப்போலச் சாதாரணமாக நடுவில் வந்து நின்றார். “எல்லாரும் கழுத்துல ரெண்டு வெரல வைங்க. இங்கன, தொண்டைக்குப் பக்கத்துல. பைய அமுக்குங்க. அடிக்குதா?” என்றார். தன் வலது கையைத் தன் கழுத்தின் வலது பக்கம் வைத்துக் காட்டினார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். “இப்பம் அதே வெரல மேசையில இருக்கவருக்கு, அதே எடத்துல வைங்க.” வைத்தார்கள். “அடிக்கல. ஒங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். மத்தபடி எல்லாம் ஒண்ணுதான். மரியாதயா நடந்துக்கிடுங்க.” அத்தோடு அன்றைய பாடம் முடிந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு மத்தியானங்களில் எங்கள் மையத்துக்கு வருவது அவருக்கு வழக்கமாயிற்று. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே குளிர்ந்த இருட்டு. ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு வந்து எனக்குப் பின்னால் முக்காலியில் உட்காருவார். கண் பாதி மூடியிருக்கும். தூங்கிவிட்டார் என்று நான் நினைத்து அடுத்த படத்துக்குத் தாவினால், “கொஞ்சம் பின்னால போம்வே” என்று குரல் வரும். பின்னால் போனால் அங்கே ஏதோ ஒன்று இருக்கும். இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியின் வளைவிலிருந்து நேராகக் கிளம்பும் தமனி, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் தொண்டைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் தமனி, இப்படி. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எத்தனை விதமாக வழிமாறிப் போகமுடியும் என்பதைப் பார்ப்பதுதான் அவருடைய ஆயுட்காலப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் பறவை பார்க்கப் போவார்கள், இவர் என் இருட்டறைக்கு வந்தார்.

இம்மாதிரி விஷயங்களுக்கு எங்கள் அறிக்கைகளில் ‘கோளாறு’ என்ற பொருள் தரும் ஒரு வார்த்தையை எழுதிவிடுவோம். அதைக் கண்டால் அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “கோளாறுன்னு எழுதாதேயும்வே. இந்த ஆளு இத்தன வருசம் உசுரோட இருந்திருக்கான், கல்யாணம் கட்டிருக்கான், பஸ் பிடிச்சு இங்கன வந்து படுத்திருக்கான். அவனுக்கு அது சரியாத்தான் இருக்கு. நமக்குத்தான் புதுசு.” நான் எழுதியதை அடிக்கும்வரை காப்பி ஊற்றித் தரமாட்டார்.

மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு பெண் தலைவலிக்காக வந்தார். கருவில் சில நாட்கள் மட்டும் இருந்து, பிறப்பதற்கு வெகு முன்பே மறைந்துவிடும் ஒரு சின்னத் தமனி உண்டு. முன்பக்க ரத்தத்தைப் பின்பக்க மூளைக்கு எடுத்துப் போகும் தற்காலிகப் பாலம் அது. நிரந்தர வழி வந்ததும் கரைந்துபோகும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது கரையாமல் இருந்தது. தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே போய் அவரிடமே சொன்னார்.

“அம்மா, ஒங்க தெருவில யாருக்கும் இல்லாத ஒரு ரத்தக்குழாய் ஒங்க தலைக்குள்ள இருக்கு.”

அந்தப் பெண் பயப்படவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். “அதுனால தலைவலி வருதா?”

“இல்லம்மா.”

“வேற ஏதும் செய்யுமா?”

“பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது.”

“பின்ன என்னத்துக்கு சார் அலையுதீய? அல்லா குடுத்தது. இருந்துட்டுப் போவட்டும்.”

அதற்குப் பிறகு பல நாட்கள், எதைப் பேசினாலும் நடுவில் “இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னையும் மதினியையும் காரில் ஏற்றிக்கொண்டு புன்னக்காயல் போனார். ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். போய் இறங்கியதும் ஆற்றையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. கரையில் மீன் விற்ற அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய ஊளி மீனின் செவுளை விரலால் தூக்கி, உள்ளே சிவப்பாக வரிசை வரிசையாக வளைந்திருந்ததை எனக்குக் காட்டினார். “பாரும்வே. நாமளும் வயித்துக்குள்ள இப்படித்தான் தொடங்குதோம். இதேமாதிரி வளைவு வளைவாக் குழாய் வரும். அதுல ஒண்ணு போகும், ஒண்ணு நிக்கும், ஒண்ணு வேற ஒண்ணோட சேரும். கடைசில மிஞ்சினதுதான் ஒம்ம கழுத்துல அடிக்குது. எது போகணும், எது நிக்கணும்னு யாரு சொல்லுதா?” கேள்வி என்னிடமா, மீனிடமா என்று எனக்குத் தெரியவில்லை. மீன்கார அம்மா பொறுமையிழந்து, “ஏயா, செவுளயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? வாங்குதீயளா, இல்லையா?” என்றார். மதினி பேரம் பேசாமல் வாங்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் மீன் வாடை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். மதினி தன் வழக்கப்படி அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். கார் ஓட்டியது நான்தான். இந்தக் காட்சியை அப்போது நான் பெரிதாக எண்ணவில்லை.

இனி, சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

ஒருமுறை பாபநாசத்தில் படித்துறையில் குளித்துவிட்டு நிமிர்ந்தவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் குளித்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனிலேயே பதறி, பெரிய நகரம் ஒன்றின் பெரிய மருத்துவமனையில் ஏற்பாடு செய்து, அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். இடது கழுத்தில் மூளைக்குப் போகும் தமனி முழுவதும் அடைத்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார்கள். உடனே சேரவேண்டும் என்றும் சொன்னார்கள். மகன் விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி சேரவில்லை. படங்கள் இருந்த குறுந்தட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி நேராக என்னிடம் வந்தார்.

அன்று அவர் முக்காலியில் உட்காரவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். திரையில் அவருடைய கழுத்து. வலது பக்கம் தமனி நன்றாகத் தடித்து மேலே போயிற்று. இடது பக்கம் மெலிந்த ஒரு குழாய் ஏறி, முகத்துக்கும் தலைத்தோலுக்கும் கிளைகளைக் கொடுத்துவிட்டு நின்றது. மூளைக்குப் போகவேண்டிய கிளை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அடைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

“எலும்பக் காட்டும்வே” என்றார்.

மண்டையோட்டின் அடித்தளத்துக்குப் போனேன். அந்தத் தமனி மூளைக்குள் நுழைவதற்கு எலும்பில் ஒரு சுரங்கம் உண்டு. கருவில் முதலில் தமனி வருகிறது, அதைச் சுற்றித்தான் எலும்பு வளர்கிறது. வலது பக்கம் அந்தச் சுரங்கம் வட்டமாக, கருப்பாகத் தெரிந்தது. இடது பக்கம் வெள்ளை எலும்பு மட்டும். துளையே இல்லை.

பிறகு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். “அடைச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கான். அடைக்கதுக்கு மொதல்ல இருக்கணும்லா?”

பிறந்ததிலிருந்தே அவருக்கு அந்தத் தமனி இல்லை. அந்த அரைமூளைக்கு வலது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வேறு வழிகளாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த மூளையை வைத்துத்தான் படித்தார், பாட்டுப் பாடினார், மற்றவர்களின் தமனிகளைத் தேடினார். தலைசுற்றல் காதுக்குள் இருந்த ஒரு சின்னத் தொந்தரவு. அதற்கு ஒரு மாத்திரையே போதும் என்று பிறகு தெரிந்தது.

அவர் தன் இடது கழுத்தில் விரலை வைத்தார். தேடினார். அங்கே மெலிதாக, தேடினால்தான் கிடைக்கும் அளவுக்கு ஏதோ இருந்தது. “ஆண்டவரே” என்றார். “ஒவ்வொரு வருசமும் பிள்ளையளக் கழுத்தத் தொடச் சொன்னேன். நானும் தொட்டேன். எடது கையில மண்ட ஓடு இருக்கும். அதுனால வலதையே தொட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.” பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊர் ஊராகப் போய்த் தேடிய சாமான் சட்டைப்பையிலேயே இருந்தால் வேறு என்ன செய்வது.

உளறிக்கொட்டுவதில் நான் வல்லவன். “நம்ம ஆறு மாதிரிதான் அண்ணாச்சி. ஒரு கால்வாய்ல தண்ணி வராட்டா இன்னொண்ணுல வந்துருது” என்று ஏதோ சொன்னேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “ஆத்த விட்டுரும்வே. எல்லாரும் ஆத்தத்தான் சொல்லுதான். ஆறு மேட்டுல ஏறாது. இது ஏறியிருக்கு, நான் தூங்கும்போதும் ஏறியிருக்கு. இதுக்கு இதுதான் உவமை.” அதற்குப் பிறகு நான் அவர் முன்னால் ஆற்றை எடுத்ததில்லை.

அன்றைக்குத்தான் அந்த வாக்கை வாங்கினார். உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு வேண்டியதைச் செய்துவிடுவதாகவும் சொன்னார். “பிள்ளையள்ட்ட நீரு சொல்லக் கூடாது. வாத்தியார்மார்ட்டயும் சொல்லக் கூடாது. அதுகளாக் கண்டுபிடிக்கணும். லில்லிட்ட இப்பமும் சொல்லக் கூடாது, எப்பமும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா அவ தூங்கமாட்டா. நான் மூச்சு விடுதேனா இல்லையான்னு பாத்துக்கிட்டே கெடப்பா.” மகனிடம், பெரிய மருத்துவமனைக்காரர்கள் தவறாகப் பார்த்துவிட்டார்கள், அடைப்பு இல்லை என்று மட்டும் சொன்னார். அது உண்மையும்கூட.

அவர் இறந்த காலைக்கு மறுபடி வருகிறேன். நான் வெளியே வந்தபோது முற்றத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. சபையிலிருந்து ஆட்கள் வந்து கீர்த்தனை தொடங்கியிருந்தார்கள். அண்ணாச்சியின் மூத்த அண்ணன், கம்பீரமான மனிதர், யாரும் எதிர்த்துப் பேசமுடியாதவர், கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதாம். சாயங்காலம் அடக்க ஆராதனையாம். நான் கல்லூரி விஷயத்தைச் சொன்னேன். “அது அவன் ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். நம்ம குடும்பத்துல ஒருத்தன மேசையில போட்டு அறுக்கவா? லில்லி சம்மதிக்கமாட்டா” என்றார். சட்டப்படி பார்த்தாலும் பழக்கப்படி பார்த்தாலும் கடைசி வார்த்தை மதினியுடையது. அவர் வேண்டாம் என்றால் கல்லூரி எடுக்காது. கல்லூரிக்கு எடுத்துப் போவதென்றால் அதிக நேரம் தள்ளவும் முடியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மதினி என்னை உள்ளே கூப்பிட்டார். படுக்கையறை. அண்ணாச்சியைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கட்டிலில் இரண்டு தலையணைகளும் அப்படியே கிடந்தன. மதினி சபைப் பாடகர் குழுவில் வெகுகாலம் பாடியவர். பேசும்போதுகூடக் குரல் பிசகாது. அன்றும் பிசகவில்லை.

“தம்பி, எனக்குக் கல்லறைக்குப் போகணும்போல இருக்கு. பூ வைக்க ஒரு எடம் வேணும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவிய ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருந்தாவன்னு எனக்குத் தெரியணும். நீங்க இத்தன நாளா என் மொகத்தப் பாக்கத் தயங்குதீய. என்னமோ இருக்கு. சொல்லுங்க.”

எப்போதும் சொல்லக்கூடாது என்று வாங்கிய வாக்கு. வெளியே அவருடைய அண்ணனின் குரல், கீர்த்தனை, வெயில். நான் சொல்லாவிட்டால் அண்ணாச்சி ஆசைப்பட்டது நடக்காது. சொன்னால் அவர் கேட்டுக்கொண்டதை மீறியதாகும். நான் பயந்த சுபாவம் உள்ளவன், உங்களில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும், இனி மதினி யாருடைய மூச்சையும் பார்த்துக்கொண்டு கிடக்கப் போவதில்லை என்று தோன்றியது. சொன்னேன்.

“மதினி, அண்ணாச்சிக்குப் பொறந்ததிலேருந்தே கழுத்துல ஒரு ரத்தக்குழாய் கெடையாது. மூளைக்குப் போகுதது. பல ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு சொல்லலாம். அதப் பிள்ளையள் பாக்கணும்னுதான்…”

“எடது பக்கமா?” என்றார் மதினி.

நான் தலையாட்டினேன்.

மதினி கட்டிலில் உட்கார்ந்து, வலது பக்கத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கல்யாணமான புதுசுல நான் எடது பக்கந்தான் படுப்பேன். அவிய கழுத்துல நெத்திய வச்சுப் படுத்தா ஒண்ணுமே அடிக்காது. ஒரு நாள் பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டேன். இந்தப் பக்கம் வந்து படுத்தேன். நெத்தியில நல்லாத் தட்டுச்சு. அன்னைக்கு மாறினதுதான். அப்புறம் இந்தப் பக்கம்தான், காருலயும், கோயில்லயும், எங்கயும்.”

“நீங்க அண்ணாச்சிகிட்ட சொல்லலயா?”

“எப்படிச் சொல்லுவேன்? அவிய எத்தன கழுத்தப் பாத்தவிய. தன் கழுத்துல ஒரு கொறை இருக்குன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாவன்னு நெனச்சேன். அவியளுக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான் நான் வாயே தெறக்கல.”

எனக்கு அழுகை வந்தது. அந்தக் காலையில் அதுவரை வரவில்லை. ஒருவரை ஒருவர் பயமுறுத்தக்கூடாது என்று ஒரே விஷயத்தை ஆளுக்கொரு தலையணையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருவன், பெரிய ரகசியத்தைச் சுமப்பவனைப்போல. மதினி என்னை அழவிட்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனார்.

“அத்தான்” என்றார் அண்ணாச்சியின் அண்ணனைப் பார்த்து. “கல்லறைய மூடச் சொல்லிருங்க. அது நான் போகும்போது ஆவும். இவிய வேலைக்குப் போகட்டும்.”

அவர் அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போதகர் ஜெபம் செய்தார். கல்லூரி வண்டி வந்தபோது, எத்தனையோ வருடங்களாக அவரைக் காலையில் வாசல் வரைக்கும் வந்து அனுப்பியதைப்போலவே மதினி வாசலில் நின்று அனுப்பினார்.

அதன்பின் காத்திருப்பு. முதலாண்டுப் பிள்ளைகள் கையில் தொடங்கிக் காலுக்குப் போய், வயிற்றையும் மார்பையும் முடித்து, கடைசியில்தான் தலைக்கும் கழுத்துக்கும் வருவார்கள். மத்தியானங்களில் முக்காலி காலியாக இருந்தது. ஒருநாள் உணவுக்குப் பிறகு திரைக்கு முன்னாலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் அதே அறை, அதே இருட்டு. பின்னாலிருந்து சுக்கு வாசனை. திரையில் யாருடையதென்று தெரியாத ஒரு கழுத்து. தமனிகள் கிளை விட்டுக்கொண்டே போகின்றன, முடியவில்லை. கிளைகளுக்கு நடுவில் ஊளி மீன்கள் மெதுவாகத் திரும்புகின்றன. “கொஞ்சம் பின்னால போம்வே” என்றார். போனேன். இன்னும் பின்னால். எலும்பு கரைந்து, மீன்கள் கரைந்து, கடைசியில் நகம் அளவுக்கு ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. விழித்தபோது, வெளியே ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் மருந்து வாடைதான் இருந்தது. வெகுநேரம் என் கழுத்தில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சென்ற வாரம் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் போன் செய்தார். அண்ணாச்சியின் மாணவிதான். தயங்கித் தயங்கிப் பேசினார். “சார், ஒரு மேசையில ஒரு பிரச்சின. பிள்ளைங்க இடது பக்கத் தமனிய வெட்டிட்டாங்கபோல. எங்க தேடியும் கெடைக்கல. நேத்துலேருந்து கொழுப்ப ஒவ்வொரு துளியா எடுத்துப் பாக்காங்க. ஒரு பொண்ணு, தன் கத்திதான் பட்டிருக்கும்னு அழுதுக்கிட்டே இருக்கா. உடலக் குடுத்தவங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதணும்னு சொல்லுதா. அந்த உடலுக்குப் பழைய ஸ்கேன் ஏதும் ஒங்ககிட்ட இருக்கான்னு கேக்கலாம்னுதான்…”

அந்த உடல் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. நானும் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்தவன். ஆனால் இதற்கு விடை சொல்லவேண்டியதில்லை, எங்கே தேடுவது என்று சொன்னால் போதும் என்பது அந்த நொடியில் புரிந்தது. அந்த வார்த்தையும் என்னுடையது இல்லை, அண்ணாச்சியுடையது.

“எலும்பப் பாக்கச் சொல்லுங்க” என்றேன்.

மறுபக்கம் நாற்காலி நகரும் சத்தம், ஓடும் சத்தம். போனை வைக்க மறந்துவிட்டார். தூரத்தில் பிள்ளைகளின் குரல்கள் கேட்டன. முணுமுணுப்பு. பிறகு ஒரு பெண் குரல், அழுது தேய்ந்த குரல், மிக மெதுவாக: “வழியே இல்ல மேடம். இங்க வழியே இல்ல.”

அவள்தான் கண்டுபிடித்தாள். தன் தவறைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தாள். அண்ணாச்சி இருந்திருந்தால் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்திருப்பார்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இம்மாதிரிக் கட்டுரைகளின் முடிவில் சொல்லவேண்டும். பிளாஸ்கை மதினி கொடுத்தார், அது என் மேசையில் இருக்கிறது. அதைவிட, ஒன்று இல்லை என்று தெரியும்போது, அது போய்விட்டது என்று உடனே எழுதாமல், எலும்பு வரைக்கும் இறங்கிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. கழுத்தைத் தொட்டுப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அவர் வகுப்பறையில் ஒருநாளும் செய்யாமல் விட்டது அது. எனக்கு விட்டுப் போனது அதுதான்.

அன்று மாலை மதினிக்குப் போன் செய்தேன். பாடகர் குழுப் பயிற்சியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“மதினி, பிள்ளையள் கண்டுபிடிச்சிட்டாங்க.”

“அப்படியா” என்றார். மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு, “வலது பக்கம் எப்படி இருக்காம்?” என்றார்.

நான் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், திரையில் பார்த்திருக்கிறேன். “நல்லாத் தடிச்சு இருக்கு மதினி. ரெண்டு பக்க வேலையையும் அதுதான பாத்துச்சு.”

“இருக்கும்” என்றார் மதினி. “என் நெத்தியில தட்டினது அதுதான.”